குறுக்கே நின்ற குதிரை

லிஃப்ட் மெக்கானிக்கிடம் யாராவது சதுரங்கத்தில் அடக்கி ஆடச் சொன்னால், ‘அதுக்குப் பேசாம தூங்கலாமே’ என்பார். அடிதடி ஆட்டக்காரர். அப்படிப்பட்டவர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு சிப்பாயைப் பார்த்து வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

பணியிடங்களுக்கு இடையிலான போட்டி. இறுதிச் சுற்றில் எதிரணி, ஆஸ்பத்திரிக்காரர்கள். நான்கு மேசைகளில் மூன்று முடிந்துவிட்டன. இரண்டில் மெக்கானிக்கின் அணிக்கு வெற்றி, ஒன்றில் தோல்வி. அவர் ஆட்டத்தைச் சமன் செய்தாலே கோப்பை. ஆனால் எதிரே இருந்த எக்ஸ்ரேக்காரரின் கறுப்புச் சிப்பாய் ஒன்று, தடுக்க ஆளில்லாமல் நடுப்பலகையைத் தாண்டிவிட்டது. இன்னும் மூன்று கட்டம் போனால் ராணியாகிவிடும்.

யானையை வைத்து அதைத் துரத்தலாமா என்று யோசித்தபோதுதான் மனைவியின் குரல் காதில் விழுந்த மாதிரி இருந்தது. ‘ஓடுறவனைப் பின்னால துரத்தினா நமக்குத்தாங்க மூச்சு வாங்கும். முன்னால போய் நின்னுடணும்.’

போன வருடம் லிஃப்ட் குழிக்குள் விழுந்து கால் முறிந்து, நான்கு மாதம் கட்டிலோடு கிடந்தார். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். பேக்கரியில் காலை வேலை முடித்து, முழங்கைவரை மாவோடு வருவாள் அவள். அவர் பலகையும் கையுமாகத் தனியே ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, “எனக்கும் சொல்லிக் குடுங்களேன்” என்று எதிரே உட்கார்ந்தாள். முதல் மாதம் தோற்றாள். அப்புறம் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தாள். அவருடைய சிப்பாய் எது கிளம்பினாலும் அதன் மூக்குக்கு முன்னால் ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள்.

“இதெல்லாம் ஒரு ஆட்டமா? நடுவழியில குத்தவச்சு உக்காந்துகிட்டு!” என்று சிடுசிடுப்பார்.

“உங்க ஆள் நகர்றானா பாருங்க” என்பாள் அவள், சிரிக்காமல்.

இப்போது மெக்கானிக் தன் குதிரையை எடுத்து அந்தச் சிப்பாயின் முன்கட்டத்தில் வைத்தார்.

எக்ஸ்ரேக்காரர் புருவத்தைச் சுருக்கினார். சிப்பாய் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் பின்னால் இருந்த அவருடைய மந்திரிக்குச் சொந்தச் சிப்பாயே குறுக்குச் சுவராகிவிட்டது. யானைகளும் பின்னால் வரிசைகட்டி நின்றனவே தவிர, வேலை நடக்கவில்லை.

பத்து நகர்த்தலுக்குப் பிறகு எக்ஸ்ரேக்காரர் ஓரத்தில் வேறொரு சிப்பாயைக் காவலில்லாமல் விட்டார். குதிரை ஒரே தாவலில் தின்னலாம். பழைய மெக்கானிக்காக இருந்தால் விட்டிருப்பாரா? கை தானாக நீண்டது. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது விதி. விரல் குதிரையின் காதுக்கு அருகே போய் நின்றது. குதிரை எழுந்தால் எதிரே நிற்கும் சிப்பாய்க்குக் கதவு திறந்த மாதிரிதானே! கையை மடக்கித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார்.

மேலும் கால்மணி நேரம் முட்டிப்பார்த்த எக்ஸ்ரேக்காரர், “இந்தக் குதிரை அசையாது போலிருக்கே. சமன்னு வச்சுக்கலாமா?” என்று கையை நீட்டினார்.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்த அணித்தலைவர் மெக்கானிக்கின் முதுகில் ஓங்கித் தட்டினார். “நீயாய்யா இப்படி ஆடினே? யார்கிட்ட கத்துக்கிட்ட?”

“எங்க வீட்டுக்காரிகிட்ட.”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நேரே பேக்கரிக்குப் போனார். அன்று அவளுக்கு மாலை வேலையும் இருந்தது. தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் அவரைக் கண்டதும் பதறினாள். “என்னங்க? கால் வலிக்குதா?”

“இல்ல. ஜெயிச்சுட்டோம். உன் குதிரைதான் காப்பாத்துச்சு.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “அந்த நாலு மாசம் உன்னை நான் படாதபாடு படுத்தினேன். நீ ஒரு வார்த்தை சொல்லல. அப்பவே சொல்லியிருக்கணும். ரொம்ப நன்றிம்மா.”

கல்யாணமான பதினோரு வருடத்தில் கேட்டிராத வார்த்தை. அவள் சட்டென்று திரும்பி, ஏற்கெனவே நேராக இருந்த தட்டுகளை மறுபடி நேராக்கினாள்.

“வேலை முடிய இன்னும் அரைமணி இருக்கு” என்றாள். “இருக்கீங்களா?”

“இருக்கேன்” என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.