வசந்த் தனக்கே எழுதிய வார்த்தை

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: சின்னப்பையன் என்ற பெயருள்ள நான், என் மகன் ஜோசுவா, அங்கே இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் என் மருமகள் நதியா, அவளிடம் படிக்கும் வசந்த், துர்கா. இருவரும் பட்டுக்கடையில் விற்பனைக்கு நிற்பவர்கள். வாசற்படியில் வசந்தின் அப்பா, ஓரிக்கை வரதராஜன். அவர் உள்ளே வரவில்லை. ஜோசுவா நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை. வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டதால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

வரதராஜன் நதியாவிடம் போனைத் தூக்கிக் காட்டினார். எங்கள் கரும்பலகையின் படம். 'வசந்த் இஸ் கேர்லெஸ்.'

"பொறுப்பில்லாதவன்னுதானே அர்த்தம்? ஊரு பூரா வாட்ஸ்அப்ல சுத்திக்கினு இருக்குது. எம் புள்ளைய இப்படி எழுத நீ யாரு? மன்னிப்பு கேளு. இல்லன்னா நாளைலேர்ந்து ஒருத்தன் இங்க படிக்க வரமாட்டான். நான் சொன்னா நின்னுடுவாங்க."

எங்கள் தெருவில் முதன்முதலில் பி.எட். முடித்தவள் நதியா. அவளை நீ, வா என்று பேசுவதா?

"மரியாதையா பேசுங்க. டீச்சர் அவங்க," என்றேன்.

நதியா குரலை உயர்த்தவில்லை. அந்த வாரம் பெயரடைகள் எப்படி முடியும் என்று நடத்தியிருந்தாள். கடைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் புடவையைப் பற்றிப் பேசக் கலர்ஃபுல், பளபளப்புக்கு லஸ்ட்ரஸ் எல்லாம் வேண்டும். 'ஃபுல்' என்று முடிந்தால் உண்டு. 'லெஸ்' என்று முடிந்தால் இல்லை. அவள் வகுப்பில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. 'ஃபுல்' வார்த்தையை அடுத்தவருக்கு எழுதலாம். 'லெஸ்' வார்த்தையை அவரவர் தமக்கு மட்டுமே எழுதிக்கொள்ள வேண்டும்.

"யாரு எழுதினது வசந்த்?" என்றாள்.

"நான்தாம்பா எழுதினேன். அரக்குப் புடவை கேட்டவங்களுக்கு மாம்பழக் கலர கட்டிக் குடுத்துட்டேன்ல? நீகூட திட்டினியே," என்று வசந்த் அப்பாவைப் பார்த்துச் சொன்னான்.

துர்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நான் என்னையே ஹோப்லெஸ்னு எழுதிக்கினேன் சார். எங்கப்பா சண்டைக்கு வரல பாருங்க."

நதியா பலகையை மறைக்காமல் நகர்ந்து நின்றாள். எழுத்து இன்னும் அழியவில்லை. கடைப் பையன்கள் படத்திலிருந்து வெட்டிவிட்ட மேல் வரியும் வசந்தின் கையெழுத்தில் அங்கேயே இருந்தது: 'மை ஃபாதர் இஸ் ஹெல்ப்ஃபுல்.'

வரதராஜன் வாசற்படியிலிருந்தே அதைப் படித்தார். மகனிடம், "சரி, நீ படி," என்றார். எங்கள் பக்கம் திரும்பாமல் வண்டியை எடுத்தார். தம்ளர் ஜோசுவாவின் கையிலேயே இருந்தது.

மறுநாள் வகுப்பு நடந்தது. ஒருவரும் நிற்கவில்லை.

நதியா படியிறங்கி வந்து மன்னிப்புக் கேட்டாள் என்று மாகறல் வரைக்கும் பேச்சாம். அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் இன்னும் கேட்கவில்லை.