கேட்கும் வேகம்

இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு, செப்டம்பர் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் விடியற்காலை முதல் பருவமழை விடாது பெய்துகொண்டிருந்தது. காற்று மட்டும் அடங்கியிருந்தது.

மாகாண அலுவலக எழுத்தர் பணிக்கான கணினித் தேர்வு சரியாக ஒன்பது மணிக்குத் தொடங்கியது. அறையில் இருவரே இருந்தனர். ஒருத்தி பார்வையற்ற நெனிதா. இரண்டு ஆண்டுகள் நேர்காணலோடு திருப்பி அனுப்பப்பட்டு, இம்முறைதான் தேர்வு வரை வந்திருந்தாள். மற்றவர் மேற்பார்வையாளர் தொலோர்ஃபினோ. பன்னிரண்டு பக்க அறிக்கையின் பிழைகளை ஒரு மணி நேரத்தில் திருத்த வேண்டும். ஹெட்போனுக்கு அனுமதியில்லை; திரையை வாசிக்கும் குரல் மேற்பார்வையாளருக்கும் கேட்க வேண்டும் என்பது விதி.

குரல் ஒலிக்கத் தொடங்கியதும் தொலோர்ஃபினோ எழுந்துவிட்டார். இளம்பெண்களை அவ்வூரார் அழைக்கும் ‘இந்தாய்’ என்ற சொல்லால் அவளை விளித்தார்.

"என்ன இது, இந்தாய்? தகரத்துல அரிசியைக் கொட்டின மாதிரி இருக்கு. யாராவது விடை சொல்லித் தர்றாங்களா?"

"அறிக்கையைத்தான் சார் வாசிக்குது. நான் எப்பவும் கேக்குற வேகம்."

"எனக்குப் புரியற மாதிரி வைம்மா. புரியாம எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

மறுத்தால் இதுவும் போய்விடுமோ என்று அஞ்சிய நெனிதா, வேகத்தைக் குறைத்தாள். ஆனால் அவளுடைய விரல்கள் குறையவில்லை. ஒரு வரி முடிந்திருக்கும் என்ற பழக்கத்தில் குரலை அடக்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவின. குரலோ பாதி வரியில்தான் இருந்தது. மூன்று பக்கங்கள் கடந்தும் ஒரு பிழைகூட அகப்படாதபோதுதான், தான் கேட்டதெல்லாம் அரை வரிகளே என்பது அவளுக்கு உறைத்தது. அதற்குள் இருபத்தொரு நிமிடம் கழிந்திருந்தது.

"சார், இப்படி என்னால முடியாது. பக்கத்துல உக்காந்து திரையைப் பாருங்க. அது வாசிக்கிற இடத்துல கட்டம் ஓடுமாம். நீங்க கண்ணால பாருங்க, நான் காதால கேக்குறேன்."

"விதியில கேக்கணும்னு இருக்கே."

"கேக்குதே சார். புரியணும்னு இருக்கா?"

விதித் தாள் புரளும் ஓசை எழுந்தது. பிறகு ஒரு நாற்காலி அவளருகே இழுபட்டது. நெனிதா பழைய வேகத்தை வைத்து நான்காம் பக்கத்தைத் தொடங்கினாள்.

"மெதுவா போ. நான் இன்னும் முதல் வரியில நிக்கிறேன்."

"நீங்க நில்லுங்க சார், நான் போய்க்கிட்டே இருக்கேன்."

ஏழாம் பக்கத்தில் அவர் முணுமுணுத்தார். "அட, இந்தப் பிழை என் கண்ணுல படவே இல்லையே."

"பேசாதீங்க சார். ரெண்டு பேர் பேசினா எனக்கு ஒண்ணுமே கேக்காது."

பத்து மணி அடித்தபோது அவள் கடைசிப் பக்கத்தை முடித்திருந்தாள். அரைகுறையாய்க் கேட்ட முதல் மூன்று பக்கங்கள் அப்படியே கிடந்தன. நெனிதா விசைகளிலிருந்து கையை எடுத்தாள்.

"கையை ஏன் எடுக்குற? உன் நேரத்துல இருபத்தொரு நிமிஷம் நான் தின்னது." பேனா கீறியது, எழுதியதை அவர் வாய்விட்டு வாசித்தார். "மேற்பார்வையாளரால் வீணான நேரம், இருபத்தொரு நிமிடம்; அது கூடுதலாகத் தரப்படுகிறது. கையெழுத்தும் போட்டாச்சு. போ."

அவள் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். மூன்று பக்கங்களிலும் பதினான்கு பிழைகள் இருந்தன. திருத்திய அறிக்கையை அனுப்பிவிட்டுக் குரலை அவள் நிறுத்தியபோது மணி பத்து பதினேழு.