கிழக்கே சாய்ந்த வாகை

எங்கள் வீட்டுக்கும் வல்லிநாயகம் அண்ணாச்சி வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில் சுவர். சுவரை ஒட்டி, அவர் பக்கத்தில் ஒரு வாகை மரம். நான் சலீமைக் கட்டிக்கொண்டு குத்துக்கல்வலசைக்கு வந்த முதல் வாரத்திலேயே அந்த மரத்தோடு எனக்குச் சண்டை ஆரம்பமாகிவிட்டது. மரம் பதில் பேசாது என்பதால் மரத்துக்குச் சொந்தக்காரரோடு சண்டை போட்டேன். அவர் நன்றாகவே பதில் பேசுவார்.

வேர் மட்டும்தான் அவர் மண்ணில். மற்றதெல்லாம் எங்கள் ஓட்டுக்கு மேலே. மரம் முளைத்த நாளிலிருந்து மேற்கேயிருந்து காற்று அதை அடித்து அடித்து, கிழக்கே எங்கள் பக்கமாகச் சாய்த்துவிட்டது. சருகு எங்களுக்கு, காய்ந்த நெற்று எங்களுக்கு, காக்கை எச்சமும் எங்களுக்கு. நிழலும் எங்களுக்குத்தான், ஆனால் அதைச் சொன்னால் என் கட்சி பலவீனமாகிவிடும்.

இந்த ஊர்ப்பக்கம் எல்லாமே கிழக்கே பார்த்துத்தான் சாயும். ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று கிளம்பிவிடும். வெளியூர்க்காரர்கள் குற்றாலத்துக்கு வந்து, அருவியில் குளித்து, சாரலில் நடுங்கி, "ஆகா, என்ன காத்து" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவார்கள். மிச்சக் காற்றோடு ஆவணி வரைக்கும் குடித்தனம் நடத்துவது நாங்கள். கொடியில் போட்ட துணியைப் பக்கத்துத் தெருவில் போய்ப் பொறுக்கியிருக்கிறேன்.

அதனால் இங்கே வீடு கட்டுகிறவர்கள் மேற்கைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். அண்ணாச்சி வீடு அவருடைய அப்பா கட்டியது. மரக்கட்டைகள் பாவி, மேலே செங்கலும் சுண்ணாம்பும் போட்ட மச்சு. மேற்குச் சுவரில் ஒரு சன்னல் கூடக் கிடையாது, சும்மா கோட்டைச் சுவர் மாதிரி நிற்கும். வாசல், பெரிய சன்னல்கள் எல்லாம் கிழக்கே, மரத்தைப் பார்த்து. எங்கள் ஓட்டு வீட்டிலும் அதே கணக்குத்தான். மேற்குச் சரிவில் ஓடுகளைச் சாந்து வைத்துப் பூசியிருந்தார்கள். கிழக்குச் சரிவில் சும்மா அடுக்கியதோடு சரி. கிழக்கேயிருந்து எங்களுக்கு மழை வரும். காற்று என்று சொல்லும்படி ஒன்று வந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

காற்றுக்காலத்தில் மரம் கிறீச்சிடும்போதெல்லாம் நான் சுவர் ஓரம் போய் நின்று கத்துவேன்.

"அண்ணாச்சி! ஒங்க மரத்தப் பாருங்க! என்னைக்காவது எங்க தலையிலதான் விழப்போவுது!"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிதானமாக வருவார். "விழாதும்மா. மேகாத்த எதுத்து நின்னு பழகுன மரம்லா. இது தடுக்கதுனாலதான் ஒன் ஓடு நிக்கி. வெட்டிப்போட்டேன்னு வையி, அடுத்த ஆனிக்கு நீ வானத்தப் பாத்துக்கிட்டுதான் சோறு பொங்கணும்."

"எங்க ஓட்ட நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க ஒங்க மரத்தப் பாருங்க."

அவர் மனைவி பிச்சம்மாள் மதினி உள்ளேயிருந்து சிரிக்கும் சத்தம் கேட்கும். வருடா வருடம் இதே வசனம்தான். நோன்புக் கஞ்சி சுவருக்கு மேலே அந்தப் பக்கம் போகும், கார்த்திகைப் பொரி இந்தப் பக்கம் வரும். சண்டை மட்டும் தீராது.

அந்த வருடம் சலீமின் தங்கை சமீனா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமியார் இறந்துவிட்டார். சலீம் தம்மாமில், சமீனாவின் மாப்பிள்ளை கத்தாரில். ஆக, அவளுக்குத் தாய்வீடு என்று இருந்தது, அவள் 'மச்சி' என்று கூப்பிடும் நான் ஒருத்திதான். ஒன்பதாம் மாதம். அவளை நல்லபடியாகப் பிள்ளையோடு அனுப்பிவைக்க வேண்டும் என்பதைத் தவிர என் தலையில் வேறு எதுவும் ஓடவில்லை.

கார்த்திகையில் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் புயல் என்று டிவியில் சொன்னார்கள். கடலுக்கு வந்த புயல் நமக்கென்ன செய்யும் என்று நாங்கள் ஆட்டுரலில் உளுந்து போட்டுக்கொண்டிருந்தோம். விடிந்தபோது கரண்ட் இல்லை. இரவெல்லாம் பெய்த மழை நிற்கவில்லை, அதோடு காற்றும் சேர்ந்துகொண்டது. தென்காசி ரோட்டில் மரங்கள் விழுந்து கிடப்பதாகவும், ஆட்டோ கூட வராது என்றும் தெருவில் சொல்லிக்கொண்டு போனார்கள்.

சுவருக்கு மேலே அண்ணாச்சியின் தலை தெரிந்தது. பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கவிழ்த்துக் கொங்காணி போட்டிருந்தார்.

"ஏம்மா மாஜிதா, பிள்ளத்தாச்சிப் பொண்ண ஓட்டுக்கு அடியில வச்சிருக்காத. எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரு."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏன், மேகாத்த எதுத்து நின்ன மரம்லா? விழாதுன்னீங்க?"

"இன்னைக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மண்ணு ஊறிக் கெடக்கு. விழுந்தா சாஞ்ச பக்கந்தான் விழும், ஒன் வீட்டு மேலதான். நாங்க மரத்துக்கு முதுகுப் பக்கம் இருக்கோம். சொன்னதக் கேளு."

கேட்டேன். அவர் சொன்னதில் எங்கே தப்பு இருந்தது? ஊரில் யாரிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். தெரு வழியாகச் சுற்றி, சமீனாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனேன். மதினி முன்னறையில் கட்டில் போட்டு, துவைத்த போர்வை விரித்து வைத்திருந்தாள். மரத்துக்குப் பக்கத்து அறைதான். ஆனால் முதுகுப் பக்கம். அண்ணாச்சி தானே நின்று கட்டிலைச் சன்னல் ஓரமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டார். ஏனென்றால் அந்தச் சன்னல் வழியாகச் சாரல் உள்ளே வந்து தரையை நனைத்துக்கொண்டிருந்தது.

"இந்த சன்னல்ல தண்ணி வந்து நான் பாத்ததே இல்லையே," என்றாள் மதினி.

அப்போதாவது எங்களில் ஒருவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மதினி ஒரு சாக்கைக் கொண்டு வந்து தரையில் போட்டாள், அவ்வளவுதான்.

சமீனாவின் ஆஸ்பத்திரிப் பையை மறந்துவிட்டேன் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எடுத்துவரத் திரும்பி எங்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் அடுப்படியில் வெளிச்சம். கிழக்குச் சரிவில் ஓடுகளைக் காணோம். சாந்து பூசாமல் அடுக்கி வைத்த பக்கம். காற்று அந்தப் பக்கமிருந்து கையை விட்டு ஒவ்வொன்றாகத் தூக்கி மேற்கே வீசிக்கொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எங்கள் ஊரில் காற்று அந்தப் பக்கமிருந்து வராது. வரக்கூடாது. சூரியன் மேற்கே உதித்திருந்தால் கூட நான் அப்படித் திகைத்திருக்க மாட்டேன்.

பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். சுவர் ஓரத்தில் நாங்கள் துணி துவைக்கிற கல் ஒன்று உண்டு. அரைப்பாகம் மண்ணில் புதைந்த கருங்கல், ஆட்டினால் அசையாது. அந்தக் கல் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைச் சுற்றியிருந்த மண் உப்பியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண் மேலே எழுந்தது, பிறகு இறங்கியது. காற்று ஓங்கியதும் மறுபடி எழுந்தது. மதில் சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு.

நிமிர்ந்து பார்த்தேன். மரம் சாய்ந்திருக்கவில்லை.

நான் வந்த நாளிலிருந்து எங்கள் ஓட்டைத் தொட்டுக்கொண்டே இருந்த அந்தக் கிளைகளுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இப்போது இடைவெளி இருந்தது. வாகை மரம் நேராக நிமிர்ந்து நின்றது. இத்தனை வருடமாக மேற்கே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த வேரெல்லாம் மேற்குக் காற்றுக்காக ஓடிய வேர். இந்தக் காற்றுக்கு அது எதையும் பிடிக்கவில்லை. கிழக்கே இருந்த வேர்தான் மண்ணோடு பெயர்ந்து எங்கள் துவைகல்லைத் தூக்கிக்கொண்டிருந்தது.

யா அல்லாஹ், சமீனாவை எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறேன்!

பை எங்கே விழுந்தது என்று தெரியாது. எப்படித் தெருவைச் சுற்றி ஓடினேன் என்றும் தெரியாது. முன்னறைக்குள் நுழைந்து சமீனாவின் கையைப் பிடித்துத் தூக்கினேன்.

"எந்திரி, எந்திரி! வெளிய வா!"

"என்ன மச்சி? எங்க போவ?"

"மரம் இங்கன விழப்போவுதுட்டி! நடட்டி!"

மதினி அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்குப் பைத்தியமா மாஜிதா? வயித்துப் பிள்ளக்காரிய மரத்துக்கு அடியில கூட்டிட்டுப் போறியே? விடு அவள!"

நான் முன்னால் இழுத்தேன், மதினி பின்னால் இழுத்தாள். எனக்கு அன்றைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ, இருவரையும் சேர்த்தே வாசல் தாண்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மதினி இன்று உயிரோடு இருக்கிறாள் என்றால் அதற்குக் காரணம் அவள் என்னை நம்பியது அல்ல. கடைசி வரைக்கும் சமீனாவின் கையை விடாமல் இருந்ததுதான்.

சத்தம் கேட்டு அண்ணாச்சி பின்கட்டிலிருந்து ஓடிவந்தார். நாங்கள் அதற்குள் தெருவில் இறங்கி எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தோம். அவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். விழப்போகிற மரத்துக்கு நேர் அடியில் ஒரு கர்ப்பிணியை நான் இழுத்துக்கொண்டு போகிறேன். அவர் மனைவியும் கூடப் போகிறாள். அவர் முற்றத்தில் மரத்துக்கு மேற்கே நின்றார். ஐம்பது வருடமாக இந்தக் காற்றைப் பார்த்தவர், ஊரிலேயே பத்திரமான இடம் என்று தான் நம்பிய இடத்தில் நின்று, இரண்டு கையையும் ஆட்டி எங்களைக் கூப்பிட்டார்.

"ஏட்டி! அங்கன போவாத! இங்கன வா! எங்கிட்ட வாட்டி!"

அவர் என்னை எப்போதும் 'ஏம்மா' என்றுதான் கூப்பிடுவார். 'ஏட்டி' என்று அவர் கூப்பிட்டது அவருடைய மகள்களை மட்டும்தான். நான் திரும்பி, "அண்ணாச்சி, வெளிய வாங்க! மரத்தப் பாருங்க! ஒங்க மரத்தப் பாருங்க!" என்று கத்தினேன். வருடக்கணக்காகக் கத்திய அதே வார்த்தை. அவர் வழக்கம்போலக் காதில் வாங்கவில்லை.

மரம் விழுந்தால் பெரிய சத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். காற்றின் இரைச்சலில் ஒன்றுமே கேட்கவில்லை. வெளிச்சம்தான் வந்தது. எங்கள் வீட்டுக்கு மேலே, நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக, வானம் தெரிந்தது.

அண்ணாச்சி வீட்டு மச்சு முன்னறையோடு இறங்கியிருந்தது. சமீனா படுத்திருந்த கட்டில் இரும்புக் கட்டில். பிறகு வெளியே எடுத்தபோது அது சப்பையாக இருந்தது. மரத்துக்கு அடியிலிருந்து அண்ணாச்சியை எடுக்க மழை விடும்வரை ஆனது. ரம்பம் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் முதலில் ஓடிவந்தது எங்கள் வீட்டுக்கு. எங்களைத் தெருவில் நிற்கப் பார்த்ததும் திகைத்துப்போனார்கள். "கெழக்கதான விழுந்திருக்கணும்? எப்படி மேக்க விழுந்துச்சு?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். அவரை வெளியே எடுத்துப் படுக்க வைத்த பிறகும் கேட்டார்கள்.  சமீனாவின் கையை மதினி அப்போதும் விடவில்லை. நாங்கள்தான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தோம்.

சமீனாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாகக் குழந்தையோடு அவளை அனுப்பிவைத்தேன். சாய்ந்த மரத்துக்கு அடியில் இருந்த எங்கள் வீட்டில், கிழக்கு ஓட்டைத் தவிர ஒரு கீறல் இல்லை. அதையும் மாற்றிப் போட்டு, இந்தத் தடவை கிழக்குச் சரிவுக்கும் சாந்து பூசச் சொன்னேன். கொத்தனார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பிறகு ஆனி பிறந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று கார்கள் வரிசையாகப் போக ஆரம்பித்தன. முதல் மேல்காற்று அடித்த அன்று நான் அடுப்படியில் இருந்தேன். மேற்குச் சரிவில், சாந்து பூசிய அந்த ஓடுகள் கடகடவென்று ஆடின. பிறகு சாந்தோடு பெயர்ந்து போயின. அண்ணாச்சி சொன்ன மாதிரியே, வானத்தைப் பார்த்துக்கொண்டு உலைக்கு முன்னால் நின்றேன்.

கால் பழக்கம். கோபம் வந்ததும் அது தானாகச் சுவர் ஓரம் போய்விட்டது. வாயையும் திறந்துவிட்டேன். மரம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அதற்கு அந்தப் பக்கம், மிஞ்சிய பின்கட்டில் குடியிருக்கும் மதினி, வாசலுக்கு வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் மதினி. "கத்து மாஜிதா. ஒரு தடவ கத்தேன். இந்த மாசம் பூராவும் நீ எப்பம் வந்து கத்துவன்னு காத்துக்கிட்டுதான் இருக்கேன்."

எவ்வளவோ முயன்றும் எனக்குச் சத்தம் வரவில்லை.