சகிப்புக்கு ஓர் உதாரணம்

அகராதிக்காரரை அலுவலகத்தில் எல்லோரும் ‘வேர் சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் வேர்வரை தோண்டாமல் விடமாட்டார். அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ரப்பர் வாடை படியேறி வந்து காகிதக் கட்டுகளில் உட்கார்ந்துகொள்ளும். திருத்திய பதிப்பு வேலை மும்முரமாக நடந்த சமயம் அது.

பதிப்பாசிரியர் அவரைவிட வயதில் சின்னப் பெண், ஆனால் கறார். ஒருநாள் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

“சமயப்பொறைக்கு என்ன போட்டிருக்கோம் பாருங்க சார். ‘பிற சமயத்தாரைப் பொறுத்துக்கொள்ளும் பண்பு, பரந்த மனப்பான்மை.’ ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? மனசு பரந்திருந்தா பொறுத்துக்க என்ன இருக்கு? பிரிச்சுக் குடுங்க. சொல் வந்த வழியையும் சுருக்கமா எழுதிடுங்க.”

மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தார். முடியவில்லை.

பொறு என்றால் முதலில் சுமப்பது. பொறை என்றால் சுமை. மலைக்கும் அந்தப் பெயர் உண்டு, பூமிக்கும் உண்டு. பாரத்தைத் தாங்கின சொல் மெல்ல வலியைத் தாங்கியது, பிறகு அடுத்தவர் செய்த பிழையைத் தாங்கியது. பொறுமை, பொறுப்பு எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். வடமொழியிலிருந்து வந்த சகிப்பும் கடைசியில் தாங்குவதில்தான் வந்து நிற்கிறது. இதுவரை தெளிவாக இருந்தது. ஆனால் வேறு சாமியைக் கும்பிடுகிறவர் என்ன பிழை செய்தார், அவரைப் பொறுத்துக்கொள்ள? ‘பாட்டு சகிக்கல’ என்று வாய்க்கு வாய் சொல்கிறோமே, அந்தச் சொல்லையா கொண்டுபோய் நல்ல குணத்துக்குப் பெயராக வைத்தார்கள்? எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார்.

அவருக்கு இதில் ஒரு சொந்தப் பெருமையும் கலந்திருந்தது. மகள் வேறு சமயத்துப் பையனைக் கட்டிக்கொண்டபோது அவர் முகம் சுளிக்கவில்லை. மகளும் மருமகனும் அவரோடுதான் இருந்தார்கள். இருவருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை. மருமகனின் அம்மா முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தேறிப் போகலாம் என்று வந்தவர், தேறிய பிறகும் ஊருக்குப் போகவில்லை. அவரையும் வீட்டில் ஒருவராகத்தான் வைத்திருந்தார். விடிந்ததும் சம்பந்தியம்மா பால்கனிக் கதவோரம், வாஷிங் மெஷினுக்கும் துணிக்கூடைக்கும் நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டு முணுமுணுவென்று பிரார்த்தனை செய்வார். உடனே அகராதிக்காரர் ரேடியோவை நிறுத்திவிடுவார். இதைவிட என்ன செய்ய வேண்டும் ஒரு மனிதன்?

அலுவலகத்தில் ஓடாத மூளை வீட்டில் ஓடுமா என்று ஒருநாள் வீட்டிலேயே உட்கார்ந்தார். பதிப்பாசிரியர் போன் செய்தார். அகராதிக்காரர் கூடத்தில் நடந்தபடியே உரக்கப் பேசினார்.

“பிடிச்சதை யாரும்மா சகிப்பா? பிடிக்காததைத்தான் சகிக்கிறோம். வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துக்கிட்டாலும், காலங்கார்த்தால நம்ம காதுல விழற மாதிரி கும்பிட்டாலும், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கிறதுதான் சகிப்பு. அதுல மனசு பரந்திருக்கணும்னு அவசியமே இல்ல.”

சொல்லி முடித்ததும் ஏதோ பிடிபட்ட மாதிரி இருந்தது. உட்கார்ந்து மளமளவென்று எழுதினார்.

சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்தாள். சற்று நேரத்தில் அவர் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அப்பா, அத்தையை என்ன சொன்னீங்க?”

“நானா? ஒண்ணும் சொல்லலையே.”

“பெட்டி கட்டிட்டாங்க. காலையில பெரிய மகன் வீட்டுக்குப் போறாங்களாம். கேட்டா, ‘சும்மாதான்’ங்கிறாங்க.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது காது மடல் சுட்டது. சமையலறைக்கு ஓடினார். சம்பந்தியம்மா பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

“சம்பந்தியம்மா, நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க. அது ஒரு வார்த்தைக்கு அர்த்தம். ஆபீஸ் வேலை. உங்களைச் சொல்லவே இல்ல.”

“தெரியும் அண்ணா. வார்த்தையைப் பத்தித்தான் பேசுனீங்க.” அவர் குரலில் கோபம் இல்லை. “ஆனா உதாரணம் எங்கேருந்து எடுத்தீங்க?”

சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அகராதிக்காரருக்குப் பதில் உண்டு. இதற்கு இல்லை.

“நான் உங்க பிரார்த்தனைக்கு ஒருநாளும் இடைஞ்சல் பண்ணதில்லையே. ரேடியோவைக்கூட நிறுத்திடுவேன்.”

“ஆமா, நிறுத்திடுவீங்க. எனக்கு அந்த நேரத்துச் செய்தி கேக்கணும்னு ஆசை. பிரார்த்தனை பண்ணிக்கிட்டே ஒரு காதுல கேட்டுக்குவேன், என் வீட்டுல அப்படித்தான் பழக்கம். நீங்க நிறுத்துனதும், சரி, இவருக்கு நம்ம சத்தம் ஒத்துக்கல போல, கோபத்துல நிறுத்துறாருன்னு நினைச்சேன். அதான் வாயை மூடி முணுமுணுக்க ஆரம்பிச்சேன்.”

“மரியாதைக்குத்தான் நிறுத்துனேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நானும் பொறுத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

இத்தனை நாளும் அகராதிக்காரர் தாங்குகிற தோள் தன்னுடையது என்று இருந்தார். அவரும் ஒருவருக்குச் சுமையாக இருந்திருக்கிறார். அப்படியென்றால் இந்த வீட்டில் யார் யாரைப் பொறுத்துக்கொண்டார்கள்? சமாதானம் சொல்ல வந்தவர், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

காலையில் சம்பந்தியம்மா கிளம்பிவிட்டார். பெட்டியை அகராதிக்காரர்தான் பஸ் நிறுத்தம்வரை தூக்கி வந்தார். வழியெல்லாம் மாற்றி மாற்றி முழங்காலையும் வெயிலையும் பற்றிப் பேசினார்கள்.

வீடு அமைதியாக இருந்தது. ரேடியோ தாராளமாகப் பாடியது. ஆனால் இரவுச் சாப்பாட்டில் மகள் தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்துபோனாள். சம்பந்தியம்மா இருந்தபோது அந்த மேஜையில் ஒரே சிரிப்பாக இருக்கும். மாமியாரும் மருமகளும் ஏதேதோ பேசுவார்கள், அவர் இடையில் புகுந்து ஒரு சொல்லுக்கு வேர் சொல்வார், இருவரும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு மறுபடி சிரிப்பார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் ‘பொறு’ குடும்பத்துச் சொற்களை ஒருமுறை சரிபார்த்தபோது ‘பொறாமை’யில் கண் நின்றது. பொறுக்காமைதான் பொறாமை. இது அவர் எப்போதோ எழுதிய பதிவு. அவர் பல்லைக் கடித்தது பிரார்த்தனைக்கா, அந்தச் சிரிப்புக்கா? தன் மகள் இன்னொருத்தியிடம் அவ்வளவு சிரிப்பதைப் பொறுக்கவில்லையா? அது சமயத்தில் சேருமா, சேராதா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது. ஒருவேளை இரண்டுமோ. வேரைக் கண்டுபிடித்தால் மரம் புரிந்துவிடும் என்று நம்பி வாழ்ந்த மனிதர். இங்கே வேர் கையில் இருந்தது, மரம் எது என்று தெரியவில்லை.

பதிப்பாசிரியரிடம் இரண்டு பொருளையும் எண் போட்டுப் பிரித்துக் கொடுத்தார். அவர் படித்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் பிரிச்சிருக்கீங்க. அப்போ எது சார் உண்மையான அர்த்தம்?”

“எனக்குத் தெரியலைம்மா. ரெண்டும் இருக்கட்டும்.”

படிக்கட்டில் நின்று சம்பந்தியம்மாவுக்கு போன் செய்தார். கீழே யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எப்ப வர்றீங்க?”

“எதுக்கு அண்ணா?”

நல்ல பதிலாகத் தேடினார். மன்னிப்பு என்று சொன்னால் எதற்கு என்று கேட்பார். மகள் வாடிப்போயிருக்கிறாள் என்றால் அது பாதி உண்மை.

“தெரியல. வாங்க.”

“பார்க்கலாம்” என்று சம்பந்தியம்மா போனை வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் மருமகனோடு வந்து இறங்கினார் சம்பந்தியம்மா. ஏன் வந்தீர்கள் என்று இவர் கேட்கவில்லை. ஏன் கூப்பிட்டீர்கள் என்று அவரும் கேட்கவில்லை. மகள்தான் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு இருவர் முன்னாலும் நின்றாள்.

“உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னதான் பிரச்சினை?”

“தெரியல” என்றார்கள் இருவரும், ஒரே சமயத்தில்.