மூத்த மருமகள் ஏன் கதவைச் சாத்தினாள்

அக்கா தங்கை இருவரில் மூத்தவள் ஆறு வருடம் படித்து மனநல ஆலோசகர் ஆனவள். இளையவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் விற்கிறவள். மனசைப் பற்றித் தெரிந்துகொள்ள ஊர் உலகம் யாரிடம் போக வேண்டும்? போனது இளையவளிடம்தான்.

அவள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஏழு மணி சீரியல் முடிந்ததும் சமையலறைச் சுவரில் சாய்ந்துகொள்வாள். இன்றைக்கு மாமியார் ஏன் அப்படிக் கத்தினாள், மாப்பிள்ளை ஏன் வாயே திறக்கவில்லை என்று இரண்டு நிமிடம் பேசி வீடியோ போடுவாள். பார்க்கிறவர்கள் இரண்டு லட்சம் பேர். மூத்தவளின் அறையில் இருப்பது இரண்டு நாற்காலி.

"நீ ஒண்ணாவது பாத்தியாக்கா? தப்பா ஏதாவது சொல்லியிருந்தா சொல்லேன்" என்று மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள் தங்கை.

"எனக்கு எங்கடி நேரம்?" என்பாள் அக்கா.

உண்மையில் ஒன்று விடாமல் பார்த்திருந்தாள். அதுவும் பேனாவும் கையுமாக. தங்கையின் தப்புகளைக் குறிக்கத் தனியாக ஒரு நோட்டு இருந்தது. எழுபத்து மூன்று வீடியோக்களில் தேறியது நான்கு தப்பு. அதுதான் இன்னும் எரிந்தது.

அம்மா வேறு சும்மா இருக்கமாட்டாள். "ரெண்டு பேரும் ஒரே வேலதான பாக்குறீங்க" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொல்லிவைத்தாள். அதற்கப்புறம் இரண்டு நாள் மூத்தவள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவள் வேலை மருத்துவமனை மாடியில். வியாழக்கிழமை பதினொரு மணி தையல்காரம்மாவுக்கு. தூக்கமே இல்லை, ஆள் வந்தால் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறாள் என்று மகள்தான் கொண்டுவந்து சேர்த்தாள். ஐந்து வாரமாக அந்த அம்மாள் சொன்னதெல்லாம் "ஒண்ணுமில்லம்மா", "நல்லாத்தான் இருக்கேன்". அவ்வளவுதான். அவசரப்படுத்தக் கூடாது என்பது தொழில். மூத்தவளும் பொறுமையாகக் காத்திருந்தாள்.

ஆறாவது வாரம் தையல்காரம்மா உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"சீரியல்ல அந்த மூத்த மருமக, விருந்தாளி வந்தா கதவச் சாத்திக்கிறா பாருங்க. எல்லாரும் திமிரு திமிருங்குறாங்க. ஒரு பொண்ணு வீடியோல சொல்லுது, அது திமிர் இல்லியாம், பயமாம். யாராவது ஒரு கேள்வி கேட்டா அங்கயே அழுதுடுவோமோன்னு பயமாம். பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டேன். அது நான்தாம்மா. என் பையன்…"

"அந்த வீடியோவெல்லாம் நம்பாதீங்க" என்றாள் மூத்தவள்.

தையல்காரம்மா நிறுத்தினாள்.

"அது சும்மா ஒரு கதாபாத்திரம். அந்தப் பொண்ணு இதையெல்லாம் படிச்சதே இல்ல. வாய்க்கு வந்ததைச் சொல்லும்."

சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. ஐந்து வாரம் காத்திருந்தது அந்த "என் பையன்" என்ற சொல்லுக்குத்தான். வந்த சொல்லைத் தானே விரட்டிவிட்டாள். அவள் பதில் சொன்னது எதிரே இருந்தவளுக்கு அல்ல, சமையலறைச் சுவரில் சாய்ந்திருந்தவளுக்கு.

"சரிம்மா" என்றாள் தையல்காரம்மா. மிச்ச நேரம் முழுக்க "நல்லாத்தான் இருக்கேன்".

அடுத்த வியாழக்கிழமை அவள் வரவில்லை.

தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அதற்குள் ஒரே ஒரு முறை போன் செய்து கேட்கலாம். மூத்தவள் காலியான நாற்காலியைப் பார்த்தபடியே ஐம்பது நிமிடமும் உட்கார்ந்திருந்தாள். பிறகு எண்ணை அழுத்தினாள். பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"போன தடவ நான் குறுக்க பேசினது தப்பு. நீங்க சொல்ல வந்ததக் கேட்டிருக்கணும்" என்றாள்.

மிஷின் நின்றது.

"எங்க கடைக்கு எதிர்ல ரெடிமேட் கடை ஒண்ணு வந்துச்சும்மா" என்றாள் தையல்காரம்மா. "என்கிட்ட தைக்க வந்தவங்ககிட்டயெல்லாம், அவன் துணி ஒரே தண்ணில சாயம் போயிடும், தையல் விட்டுடும்னு சொல்லிட்டே இருந்தேன். அளவு எடுக்கவே மறந்துட்டேன். ஒரு அம்மா எந்திரிச்சுப் போயே போயிட்டாங்க."

மூத்தவளுக்குக் காது மடல் சூடானது.

"அன்னிக்கு உங்க குரலும் அப்படித்தான் இருந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கல. வர்ற வியாழக்கிழமை வருவீங்களா?"

"பாக்கலாம்மா." மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அந்த வியாழக்கிழமை பதினொன்றேகால் வரை மூத்தவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். உட்கார்ந்ததும் போனை எடுத்தாள்.

"அதையே போட்டுக் காட்டட்டுமா? நான் சொன்னா கோர்வையா வராது."

வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "போடுங்க" என்றாள் மூத்தவள்.

தன் அறையில், தன் நேரத்தில், தங்கையின் குரல். இரண்டு நிமிடமும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். இந்த வீடியோவில் ஒரு தப்புகூட இல்லை. தையல்காரம்மா திரையைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"ஏம்மா, இந்த மூக்கு, இந்தப் புருவம்… அச்சு அசல் உங்க சாடைல்ல?"

சமாளித்திருக்கலாம். ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பார்கள் என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். சொந்த விஷயத்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசக் கூடாது என்றும் பாடம் இருக்கிறது.

"என் தங்கச்சி."

தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். "அதான பாத்தேன்! எதிர்க் கடைக்காரன் மேலயே எனக்கு அந்த எரி எரிஞ்சுச்சு. கூடப் பொறந்ததுன்னா கேக்கணுமா?"

மூத்தவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாகச் சிரிக்கவும் முடியவில்லை, அடக்கவும் முடியவில்லை.

சிரித்துக்கொண்டிருந்த தையல்காரம்மாவின் கண் நிறைந்தது. போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"என் பையன் வீட்ட விட்டுப் போயி ரெண்டு வருஷம் ஆச்சும்மா. யார் வந்தாலும் மொத கேள்வி, பையன் எப்படி இருக்கான்னுதான். எனக்கே தெரியாதே, நான் என்னன்னு சொல்ல?"

இதை அந்த இரண்டு லட்சம் பேரில் ஒருவரும் கேட்கவில்லை, தான் மட்டும்தான் கேட்கிறோம் என்று மூத்தவளுக்குள் ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது. அற்ப சந்தோஷம்தான். வெட்கமாகக்கூட இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போறப்ப என்ன சொல்லிட்டுப் போனான்?" என்று கேட்டாள்.