இடப்பக்கத்துக் காற்று

பத்து நாளைக்கென்று வந்தவள் பதினோரு வருஷமாக இருக்கிறாள். அண்ணி செத்துப்போனபோது ஒரு கைப்பையில் நாலு உடுப்பைத் திணித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். எல்லாம் முடிந்து, கிளம்புகிறேன் என்றபோது அண்ணன் தட்டைப் பார்த்தபடியே, "போகலாம், பாக்கலாம்" என்றார். அந்தப் பை இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அவ்வப்போது எடுத்துத் தூசி தட்டிவிட்டு அங்கேயே வைப்பாள்.

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க "இந்த எழுத்து தெரியுதா, அடுத்த லென்ஸ் போட்டுப் பாக்கலாமா" என்று கேட்கிற வாயில் வேறென்ன வரும் என்பீர்கள். ஆனால் வீட்டில் அவர் சொல்லும் பாக்கலாம் வேறு ரகம். பழைய வேலைக்கே திரும்பிப் போகட்டுமா என்றாள். பாக்கலாம். சினேகிதி ஊருக்கு இரண்டு நாள் போய்வரட்டுமா என்றாள். பாக்கலாம். துணி துவைக்கிற அறையின் ஜன்னலையாவது திறக்கிற மாதிரி மாற்றுவோமா என்றாள். அதற்கும் பாக்கலாம். முடியாது என்று ஒருவர் சொன்னால் மல்லுக்கு நிற்கலாம், நாலு நாள் பேசாமல் இருக்கலாம். பாக்கலாம் என்கிறவரோடு என்னத்தைச் சண்டை போடுவது? நம் ஜனங்கள் கண்டுபிடித்த பூட்டுகளிலேயே உசத்தி இதுதான். சாவித் துவாரமே கிடையாது.

கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் குரல் உயர்த்தி அவள் கேட்டதில்லை. காலையில் அவள் கடற்கரைக்குப் போய்வர நாற்பது நிமிஷம். அதற்கு மேல் ஐந்து நிமிஷம் ஆனால் மூன்றாவது மாடி பால்கனியில் மார்பைத் தடவிக்கொண்டு நிற்பார். "ஒண்ணுமில்ல, நெஞ்சு கொஞ்சம் படபடன்னு வந்துச்சு" என்பார். டாக்டர் பார்த்து, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பிய நெஞ்சு அது. ஆனாலும் அவளுக்குப் பயம். மனைவியைத் திடீரென்று பறிகொடுத்தவர் அல்லவா. அந்தப் பயத்தில் அவள் நாற்பது நிமிஷத்தை முப்பத்தைந்தாகக் குறைத்துக்கொண்டாள்.

அந்த முப்பத்தைந்து நிமிஷத்தில் கடல் துப்பியதையெல்லாம் பொறுக்குவாள். ரப்பர் செருப்பு, பல்துலக்கும் பிரஷ், பேனா ரீஃபில், பிஸ்கட் உறை, கிழிந்த குடைத்துணி, மீன்வலை நூல். செருப்பைச் செதுக்கினால் படகின் உடம்பு. பிரஷ் கம்பு பாய்மரம், குடைத்துணி பாய், வலைநூல் கயிறு. அடியில் ஒரு ஸ்பூன் காம்பைச் செருகி, வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றைக் கோத்துவிட்டால் படகு கவிழாது. சீப்புத் துண்டை வளைத்துப் பின்னால் ஒட்டினால் சுக்கான். கண்ணாடிச் சட்டத்தில் போடுகிற பொடி ஆணிகளை அண்ணன் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுப்பார். முடிந்த படகுகளைத் தன் கடை அலமாரியில் கண்ணாடிகளுக்கு நடுவே நிறுத்தி, "எந் தங்கச்சி செஞ்சது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். அக்கம்பக்கத்தில் அவளுக்குக் கப்பல்காரி என்றே பெயர். கப்பலேறி எங்கேயும் போனவள் அல்ல என்பது அவர்களுக்கு வேடிக்கை. அவளுக்கும் முதல் இரண்டு வருஷம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

வேலையெல்லாம் துணி துவைக்கிற அறையில். நாலு அடிக்கு ஆறு அடி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும், அதனால் ஆணி அடித்து மூடியிருந்தது. தரையில் பெரிய துவைக்கிற டப். அதில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு படகையும் ஓட்டிப்பார்ப்பாள். காற்றுக்கு ஒரு மேஜை ஃபேன். வயர் எட்டுகிற இடம் ஒன்றே ஒன்றுதான், அவளுக்கு இடதுபக்கம். அங்கே பலகை அடித்து, ஃபேனை அதன்மேல் அண்ணன் திருகாணி போட்டு முடுக்கிவிட்டார். வலப்பக்கமும் ஒரு ப்ளக் பாயின்ட் கேட்டாள். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மணிக்கணக்கில் அந்தக் காற்று இடது காதில் அடித்து அடித்துக் குத்தல் வந்துவிட்டது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். இப்போது வெளியே போகும்போதும் அந்தப் பஞ்சு காதிலேயே இருக்கிறது.

போன வாரம் கடைக்குக் கண்ணாடி மாற்ற ஒரு அம்மாள் வந்தார். வேறு ஊர் மியூசியம் ஒன்றில் பிள்ளைகளுக்கான பட்டறையை நடத்துகிறவர். அலமாரியில் இருந்த படகைப் பார்த்தவர் கண்ணாடியை மறந்துவிட்டு, செய்தவளைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கே வந்து நின்றார்.

"எங்க பட்டறைக்கு இந்த மாதிரி ஆள்தாம்மா வேணும். தங்க ரூமும் இருக்கு. ஆனா ஒண்ணு. ஓடாத படகைப் பிள்ளைங்க கையில கொடுக்க முடியாது. பார்க்ல பெரிய குளம் இருக்குல்ல, அதுல அக்கரை வரைக்கும் ஓடிட்டா, திங்கக்கிழமை பஸ்ல என்கூடவே வந்துடலாம்."

கப்பல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அவர் டீ டம்ளரைச் சுழற்றிக்கொண்டே, "அதுக்கென்ன, பாக்கலாம்" என்றார்.

அந்த அம்மாள் முகமெல்லாம் பல்லாக, "ரொம்ப நல்லது சார்! அப்ப சனிக்கிழமை காலைல எட்டு மணிக்குக் குளத்துல பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பாக்கலாம் என்றால் பார்ப்பது என்று எடுத்துக்கொண்ட ஒரு ஜீவனை அண்ணன் வாழ்நாளில் அப்போதுதான் சந்தித்தார். சொன்ன சொல்லை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவள் அன்றைக்கே கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். பிறகு, ஆசைப்பட்டால் நடக்காது என்று பயந்து, உள்ளே தள்ளிவிட்டாள்.

சனிக்கிழமை, துணிக்கூடையில் பத்துப் படகுகளோடு மூவரும் குளக்கரையில் நின்றார்கள். நல்ல காற்று. எதிர்க்கரை ஒரு கூப்பிடு தூரம். முதல் படகை விட்டாள். ஜோராகக் கிளம்பியது. பத்தடி போயிற்று. அப்புறம் இடதுபக்கம் திரும்பியது, இன்னும் திரும்பியது, அரைவட்டம் போட்டு இந்தக் கரையிலேயே வந்து முட்டிக்கொண்டு நின்றது.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கொஞ்சம் பெரிய வட்டம், அவ்வளவுதான். ஆறாவது படகு திரும்பியபோது அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிம்மதிச் சிரிப்பு.

"எல்லாம் இடது கால் செருப்பும்மா. வேற எந்தப் பக்கம் போகும்?"

அவள் கூடைக்குள் பார்த்தாள். வலது கால் செருப்பும் இருந்தது. அதுவும் திரும்பி வந்ததுதான்.

"வீட்டு மேல பாசம்" என்றார் அண்ணன், கூடையிலிருந்த ஈரப் படகு ஒன்றைத் தடவிக்கொடுத்தபடி.

மியூசியத்தம்மாள் பாவம், சிரிக்கவில்லை. "சுக்கானைத் திருப்பி வைக்க முடியாதாம்மா?"

"ஒட்டினது. கழட்டினா உடைஞ்சிடும்" என்றாள்.

அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கப்பல்காரி செக்குமாட்டை நினைத்தாள். நாள் முழுக்க நடந்தாலும் அது எந்த ஊர் போய்ச் சேரும்? பதினோரு வருஷம் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துச் செதுக்கி, திரும்பி வருகிறதற்கென்றே இத்தனை படகு செய்திருக்கிறேன் என்று தோன்றியது. தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அழுகை வந்தால்கூடத் தேவலை. வரவில்லை. திங்கட்கிழமையும் அந்த அறை இருக்கும், ஃபேன் இருக்கும், முப்பத்தைந்து நிமிஷம் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனசு உடனே சமாதானம் ஆகப் பார்த்ததே, அதுதான் அவளைக் குலைநடுங்க வைத்தது.

கூடையைத் தூக்கக் குனிந்தபோது காது குத்தியது. கையை வைத்தாள். வலது காது.

இடது காதில் பஞ்சு இருந்தது. காற்று அடித்துக்கொண்டிருந்ததோ வலது காதில். குனிந்தபடியே அசையாமல் நின்றாள். டப்பில் படகை விட்டபோதெல்லாம் காற்று இடதுபக்கத்திலிருந்துதானே வந்தது? படகை வலப்பக்கமாகத் தள்ளுமே, அதைச் சமாளிக்கத்தானே ஒவ்வொரு சுக்கானையும் கொஞ்சம் இடப்பக்கமாக வளைத்து ஒட்டினாள்? இங்கே காற்று வலப்பக்கம். காற்றும் இடதுக்குத் தள்ளுகிறது, சுக்கானும் இடதுக்கே இழுக்கிறது. படகில் ஒரு குற்றமும் இல்லை. நிற்கிற கரைதான் தப்பு.

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

"எங்கம்மா போறே? வீடு இந்தப் பக்கம்."

குளத்தைச் சுற்றிப் போகிற பாதையில், பெஞ்சுகளையும் குப்பைத் தொட்டியையும் தாண்டி, கால் நடக்க நடக்க வேகம் கூடியது. எதிர்க்கரைக்கு வந்து தண்ணீரைப் பார்த்து நின்றாள். இடது காதில் காற்று பஞ்சை அமுக்கியது. அந்த அறையிலேயே நிற்கிற மாதிரி இருந்தது. சுவர்தான் இல்லை.

முதல் படகை விட்டாள். குடைத்துணிப் பாய் உப்பியது. பத்தடி, இருபதடி. நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. அது நடுக்குளம் தாண்டுவதற்குள் இரண்டாவதை விட்டாள், மூன்றாவதை விட்டாள். பத்தும் ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் கரையைப் பார்த்துப் போயின. அண்ணன் காலடியில் முதல் படகு முட்டியது. அவர் குனிந்து எடுத்தார். அடுத்ததையும் எடுத்தார். கை கொள்ளாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மியூசியத்தம்மாள் சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினார்.

"திங்கக்கிழமை ஏழரை மணி பஸ்ஸும்மா!" அவர் குரல் தண்ணீர் மேல் தெளிவாக வந்தது. "சார், நீங்க என்ன சொல்றீங்க?"

அண்ணன் வழக்கமான சொல்லைக்கூடச் சொல்லவில்லை. மார்பைத் தடவக் கை காலியாக இல்லை. அவளுக்கு அவர்மேல் பிரியம் இல்லாமல் ஒன்றும் இல்லை. இருந்ததால்தானே பதினோரு வருஷம்.

இடது காதிலிருந்த பஞ்சை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"ஏம்மா," என்று அங்கிருந்து கத்தினார் அண்ணன். "எப்ப திரும்பி வருவே?"

அந்தக் கரைக்குத் திரும்புவதைப் பற்றி அவர் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு அவளும் சத்தமாகச் சொன்னாள்.

"பாக்கலாம்ணே!"