மொட்டைமாடிப் படம்

வடக்குப்பட்டில் சுந்தராம்பாள் நடத்தி வந்த லேடீஸ் ஹாஸ்டலுக்கு எதிரிலேயே புதிதாக ஒரு ஹாஸ்டல் முளைத்தது. லிஃப்ட், வாஷிங் மெஷின் என்று அவர்கள் போர்டு மாட்டியதும், இவள் அறைகளில் பாதி காலியாகிவிட்டது. தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வரும் பெண்களை நம்பித்தான் அவள் தனக்கிருந்த கொஞ்ச நிலத்தில் கட்டடம் எழுப்பியிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் மகன் ஸ்ரீதர் வந்தான். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, டைல்ஸ் கடை, பேக்கரி, வாடகைக் கார் என்று எல்லாருக்கும் வெப்சைட் போட்டுக் கொடுப்பவன்.

“போர்டைப் பாத்து இப்போ எவன் வரான் அத்தே? எல்லாம் கூகுள்ல தேடறான். தேடினா மொத பக்கத்துல நீ வரணும். அதை நான் பாத்துக்கறேன்” என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வந்து கட்டில், சமையலறை, வாசல் எல்லாவற்றையும் படமெடுத்தான். மொட்டைமாடிக்கும் போனான். தலைக்குக் குளித்துவிட்டு முடி உலர்த்திக்கொண்டிருந்தார்கள் பெண்கள். அவர்களில் தெற்கேயிருந்து வந்த பேச்சி நைட்டியோடு நின்று, எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் படமெடுத்த பிறகுதான் கேமராவைப் பார்த்துத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“எங்கண்ணனுக்கு இதெல்லாம் ஆவாதும்மா. வேலைக்கு விட்டதே பெருசு. ஏதாவது ஒண்ணுன்னா வந்து இழுத்துட்டுப் போயிருவான். அடுத்த மாசம் கம்பெனியில என்னிய லைன் லீடரா போடப் போறாவ, அத வேற கெடுத்துருவான்.”

“இன்னாடி பயம்? உங்க ஊர்ல பெத்தவங்க பாத்தா, புள்ளைங்க சந்தோஷமாத்தான் கீதுங்கன்னு நிம்மதி ஆவாங்க இல்ல?” என்றாள் சுந்தராம்பாள். பெற்றவர்கள் அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று படத்துக்கு அடியில் பேரும் ஊரும் போடச் சொன்னவளும் அவள்தான். மனசில் கள்ளமில்லை, பாவம். ஆனால் நடந்ததைக் கேளுங்கள்.

வெப்சைட் வந்ததும், அதில் போட்டிருந்த அவள் நம்பருக்குப் போன் வர ஆரம்பித்தது. எல்லாம் ஆண்குரல். அண்ணனோ, சித்தப்பாவோ, தங்கைக்கு இடம் பார்க்கிறார்கள் போல என்று நினைத்தாள். தொலைவிலிருந்து பேசுகிறவர்களிடம் வெடுக்கென்று பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

“பேச்சி இருக்காங்களா?”

“இல்லப்பா, அது நைட் ஷிப்ட்டு. காலையில கம்பெனி பஸ்ஸு ரோட்டு முனையில எறக்கி வுட்டுடும், அங்கேருந்து நடந்து வந்துடும். நீ கவலப்படாதே.”

ஸ்ரீதர் அவ்வப்போது வந்து லேப்டாப்பைத் திறந்து, பக்கத்தைப் பார்க்க வருகிறவர்களின் எண்ணிக்கை என்று ஏறிக்கொண்டே போகும் கோட்டைக் காட்டுவான். “பாரு அத்தே, டைல்ஸ் கடைக்கு இல்லாத டிராஃபிக்கு உனக்கு!” அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அறைகள் மட்டும் நிரம்பவேயில்லை.

ஒருநாள் விடியற்காலை பேச்சி ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து கேட்டைச் சாத்திக்கொண்டாள். மூச்சு வாங்கியது. பஸ் போனதும் பைக்கில் இரண்டு பேர் வழிமறித்திருக்கிறார்கள். ‘பேச்சி, இன்னிக்கி நைட்டி போடலியா?’ என்று ஒருவன் கையைப் பிடித்திருக்கிறான்.

“எம் பேரு தெரிஞ்சிருக்கும்மா. ஊரு தெரிஞ்சிருக்கு. எப்ப எறங்குதேன்னுகூடத் தெரிஞ்சிருக்கு. யாரு சொல்லியிருப்பா?”

யார் சொன்னது என்று சுந்தராம்பாளுக்குத் தெரிந்துவிட்டது. தன் வாயையே தண்ணீர்விட்டுக் கொப்பளிக்க வேண்டும் போலிருந்தது.

ஸ்ரீதரை வரச்சொன்னாள். “கண்டவனெல்லாம் பொண்ணுங்க பேரைச் சொல்லிக் கூப்புடறான். இன்னாடா பண்ணி வெச்சே?”

அவன் சாவகாசமாக லேப்டாப்பைத் திறந்தான். பக்கத்தின் அடியில் வெறும் வெள்ளையாக இருந்த இடத்தை மவுசால் இழுத்தான். வெள்ளைக்குள் ஒளிந்திருந்த வெள்ளை எழுத்துகள் வரிவரியாகத் தெரிந்தன. பெண்களைப் பற்றிய வார்த்தைகள். பொதுக் கழிப்பறைச் சுவரில் கிறுக்கி வைப்பார்களே, அந்த மாதிரி வார்த்தைகள். சுந்தராம்பாள் இரண்டாவது வரிக்கு மேல் படிக்கவில்லை.

“லேடீஸ் ஹாஸ்டல்னு எத்தினி பேரு தேடுவான் அத்தே? இதத்தான் தேடறானுங்க. தேடறவன் இங்க வந்து வுழுவான். கூட்டம் சேர்ந்தா கூகுளு உன்னை மேல தூக்கும். அப்புறம் நெசமா ரூம் தேடறவங்களும் வருவாங்க. மார்க்கெட்டிங்குன்னா இதான்.”

“எட்றா அதை! இப்பவே எடு.”

“எடுத்துடறேன். ஆனா அந்தப் படத்தை எவனெவனோ சுட்டு எங்கெங்கியோ போட்டுக்கீறான். அது என் கையில இல்ல.” டாஷ்போர்டு, ரேங்க் என்று அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே போனான். அவன் குரலில் வருத்தம் என்று ஒரு துளி இல்லை.

அவனை அனுப்பிவிட்டு, அவன் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலியைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். அருவருப்பு நாற்காலியில் இல்லை என்று தெரிந்தும் கழுவினாள்.

அன்று சாயங்காலம் பெண்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளைக்குள் என்னென்ன வார்த்தைகள் இருந்தன என்பதையும், போனில் ஷிப்ட் விவரம் சொன்னது தான்தான் என்பதையும் மறைக்கவில்லை. சிலர் அழுதார்கள். சிலர் மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள். பேச்சி எழுந்து போனாள். அதற்கப்புறம் சுந்தராம்பாளோடு அவள் பேசவேயில்லை. பஸ்ஸுக்கு அழைத்துப் போகவும் கூட்டிவரவும் சுந்தராம்பாளே ரோட்டு முனைவரை நடக்க ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் இசக்கிதுரை வந்தான், பேச்சியின் அண்ணன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வந்தவன், கேட்டைத் தாண்டும்போதே கத்தினான்.

“ஏட்டி பேச்சி! பெட்டிய எடு. வேலையும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம்!”

பெண்கள் ஷிப்ட்டுக்குக் கிளம்பிப் படியில் நின்றிருந்தார்கள். அவன் செல்போனை நீட்டினான். அதே மொட்டைமாடி, அதே சிரிப்பு. வேறு யாரோ போட்ட பக்கம்.

“தப்பு என்னுதுப்பா. என்னைக் கேளு. அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல” என்று குறுக்கே போய் நின்றாள் சுந்தராம்பாள்.

“நீங்க தள்ளுங்க. எங்கூட்டுப் புள்ள மானம் போயி நிக்கி!”

பேச்சி கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு இறங்கி வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“இத யாருண்ணே ஒனக்குக் காட்டுனா?”

“எவன் காட்டணும்? நானே பாத்தேன்.”

“தானாவா வந்துச்சு?”

“தேடையில வந்துச்சு.”

“என்னத்தத் தேடுன?”

நீட்டியிருந்த செல்போனை அவன் கீழே இறக்கினான். படியில் நின்ற அத்தனை பெண்களுக்கும் வெள்ளைக்குள் ஒளிந்திருந்த அந்த வார்த்தைகள் தெரியும். ஒருத்தியும் சொல்லவில்லை. அவனையே பார்த்தார்கள். அவன் காதுமடல் சிவந்தது.

“ஃபிரண்டு ஒருத்தன்தான்... அனுப்புனான்.”

“இப்பதான எவனும் காட்டலன்னு சொன்ன.”

அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

“நான் வரல. பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள் பேச்சி. “அம்மாட்ட நானே பேசிக்கிடுதேன். நீ எப்படிப் பாத்தன்னு அவ கேட்டா, என்ன சொல்லணும்னு மட்டும் யோசிச்சு வச்சுக்கோ.”

கேட் அகலம் குறைவு. அவன் சுவரோடு ஒட்டி வழிவிட்டான். பெண்கள் ஒவ்வொருத்தியாக, துப்பட்டாகூட அவன்மேல் பட்டுவிடாமல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சாக்கடையோரம் நடப்பது போல ஒதுங்கிக் கடந்தார்கள்.

சுந்தராம்பாள் செருப்பை மாட்டினாள். “போகும்போது கேட்டைச் சாத்திட்டுப் போ” என்றாள் அவன் முகத்தைப் பார்க்காமல்.

பேச்சி முன்னால் நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் போய் நடக்கத் தனக்கு முகம் இல்லை என்று சுந்தராம்பாளுக்குத் தெரியும். சற்றுத் தள்ளி, பின்னாலேயே ரோட்டு முனைவரை நடந்தாள்.